தானாக நெளியும் கால்விரல்கள்

கேள்வி: எனக்கு வயது 56. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பில் டிஸ்க் விலகி நரம்பு வேரை அழுத்தியது. அறுவை சிகிச்சை இல்லாமலேயே குணமானது. ஆனால், ஓராண்டாக வலது பாதத்தில் எரிச்சல். ஆறு மாதமாக அந்தக் கால்விரல்கள் தாமாகவே விரிந்து மடங்குகின்றன. அடக்கினால் சில நொடிகள் நிற்கும்; பிறகு மறுபடியும் தொடங்கிவிடும். வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். பார்க்கின்சன் நோயாக இருக்குமோ?

பதில்: பிரமை இல்லை. அதை வீட்டாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். பார்க்கின்சன் என்றால் நடை மெதுவாகும், கைவீச்சு குறையும், உடல் விறைக்கும். இவை எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை.

முதலில் எரிச்சல், பிறகு அசைவு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிசைதான் முக்கியம். 'வலிக்கும் கால், அசையும் விரல்' என்று நரம்பியலில் குறிப்பிடும் அபூர்வமான பாதிப்பு இப்படித்தான் வரும். 1971-இல் பிரிட்டன் மருத்துவர்கள் 6 நோயாளிகளைக் கொண்டு இதை விவரித்தார்கள். கீழ்முதுகிலிருந்து காலுக்குப் போகும் எல்-5, எஸ்-1 நரம்பு வேர்கள் காயப்பட்டால், பாதத்திலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் உணர்வுச் செய்திகள் தாறுமாறாகின்றன. அதனால் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் தூண்டப்பட்டு, யாரும் ஏவாமலேயே விரல்களை அசைப்பதாகக் கருதப்படுகிறது.

காலுறையைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பாருங்கள். விரல்கள் விசிறிபோல மெல்ல விரிந்து, மடங்கி, பக்கவாட்டில் நெளிகின்றனவா? கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நேரம் பார்த்து விரல்கள் அடங்கிவிட்டாலும் அந்தப் படம் பேசும். தோலுக்கடியில் தசை மட்டும் படபடத்து, விரல் நகராமல் இருந்தால் அது வேறு. மாலையானதும் காலை ஆட்டியே தீர வேண்டும் என்ற உந்துதல் எழுந்து, நடந்தால் அடங்குவதும் வேறு.

நரம்பியல் மருத்துவர் இ.எம்.ஜி. (தசைகளின் மின்செயல்பாட்டைப் பதிவது), நரம்புக் கடத்தல் பரிசோதனைகளைச் செய்வார், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார். ரத்தத்தில் சர்க்கரை, வைட்டமின் பி-12 அளவுகளையும் பார்த்துவிடுவது நல்லது. நரம்பைக் கெடுப்பது டிஸ்க் மட்டுமல்ல. வாந்திக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகளாலும் தன்னிச்சையான அசைவுகள் வரலாம். எனவே, சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

காபாபென்டின், பிரீகாபலின் போன்ற நரம்புவலி மருந்துகள் எரிச்சலைத் தணிக்கலாம். இவற்றால் தூக்கக் கலக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்; திடீரென நிறுத்தவும் கூடாது. சிலருக்குத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி பலன் தருகிறது. அசைவு முழுவதும் நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வலி அடங்கினால், விரல் ஆடுவதைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. நரம்பு இப்போது அழுத்தப்படாத நிலையில், அசைவை நிறுத்துவதற்காக மட்டும் முதுகில் அறுவை சிகிச்சை வேண்டாம்.

பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தாலோ, பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.