லைசன்ஸ் வேறு, விசா வேறு: நியூ ஜெர்சி ஓட்டுநர் உரிமம் பற்றிய கேள்வி பதில்

எடிசனில் 17 வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். வக்கீல் அல்ல. குடியுரிமை, நாடு கடத்தல் வழக்கு என்று வந்தால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். லைசன்ஸ் சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நியூ ஜெர்சியில் இப்போது இரண்டு வகை லைசன்ஸ் இருக்கிறது. ஒன்று ரியல் ஐடி. அதற்கு இந்த நாட்டில் சட்டப்படி இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். இன்னொன்று ஸ்டாண்டர்ட். அதற்கு நீங்கள் யார், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று காட்டினால் போதும், விசாவைக் கேட்க மாட்டார்கள். அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி 2019 டிசம்பரில் கையெழுத்திட்ட சட்டம் இது. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதுபோல விசா பார்க்காமல் லைசன்ஸ் தருகிற மாநிலங்கள் மொத்தம் 19, அவற்றோடு வாஷிங்டன் டிசியும்.

எடிசன் வாசகி: அக்கா, என் கணவரின் எச்1பி வேலை விசா நீட்டிப்பு இன்னும் வரவில்லை. லைசன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. அவர்தான் குழந்தைகளைப் பள்ளியில் விடுகிறார். என்ன செய்வது?

உங்களைப் போல மாதத்துக்கு நாலு பேராவது என்னிடம் வருகிறார்கள். இந்தச் சட்டம் "எல்லை தாண்டி வந்தவர்களுக்கு" மட்டும்தான் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள், அது தப்பு. நீட்டிப்பு விண்ணப்பத்தை நேரத்துக்குப் போட்டிருந்தால் உங்கள் கணவர் 240 நாள் வரை வேலை பார்க்கலாம். ஆனால் ஐ-94 (எதுவரை இங்கே தங்கலாம் என்று காட்டும் பதிவு) தேதியோடு கட்டிப்போட்ட லைசன்ஸ் அந்தத் தேதியில் முடிந்துவிடும். வேலைக்குப் போகலாம், காரை எடுக்க முடியாது என்ற நிலைமை. ஸ்டாண்டர்ட் லைசன்ஸுக்குக் குடிவரவு அந்தஸ்தைக் காட்ட வேண்டியதில்லை. லைசன்ஸ் கொடுக்கும் மோட்டார் வாகன ஆணையமான எம்விசியின் கவுண்டரில் "ஸ்டாண்டர்ட்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் ரியல் ஐடிக்கான காகிதங்களைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. அப்ரூவல் வந்த பிறகு ரியல் ஐடிக்கு மாறிக்கொள்ளலாம்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இன்று பலமுறை சொல்வேன். 2018 நவம்பரிலிருந்து நியூ ஜெர்சியில் லைசன்ஸ் எடுக்கும்போதே வாக்காளர் பதிவும் சேர்ந்து நடக்கிறது. திரையில் அந்தக் கேள்வி வரும்போது "அமெரிக்கக் குடிமகன்" என்ற இடத்தைத் தொடவே கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னால் 1996ஆம் வருடச் சட்டப்படி நாடு கடத்தலாம். பிற்பாடு கிரீன் கார்டு கிடைக்கும் வழியும் அடைபட்டுப்போகலாம். "தெரியாமல் தொட்டுவிட்டேன்" என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம். வரிசையில் பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினாலும் நின்று படியுங்கள். புரியாவிட்டால் ஊழியரிடம் "ஐ ஆம் நாட் எ சிட்டிசன்" என்று சொல்லிவிடுங்கள்.

நெவார்க் தம்பி: சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லை. விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். வரி கட்டுவதற்கான ஐடின் எண் இருந்தால் அதைக் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால், எனக்கு அந்த நம்பர் கிடையாது என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க இடம் இருக்கிறது. வேறு யாருடைய நம்பரையும் எழுதாதீர்கள். "என் ஃப்ரெண்டு நம்பரைப் போடு" என்று ஹோட்டல் முதலாளி சொன்னாலும் எழுதாதீர்கள்.

பெயர் வேண்டாம்: அக்கா, நான் சமையல் வேலை பார்க்கிறேன். விசா முடிந்து ஆறு வருடம் ஆகிறது. எம்விசியில் முகவரி கொடுத்தால் குடிவரவு போலீஸான ஐஸ் வீட்டுக்கு வந்துவிடுமா? இந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் போகவில்லை.

உங்கள் பயம் நியாயமானது. "ஒன்றும் ஆகாது, போங்க" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்ததை அப்படியே சொல்கிறேன்.

நியூ ஜெர்சி சட்டத்திலேயே இதற்குப் பாதுகாப்பு எழுதியிருக்கிறார்கள். சட்டப்படியான ஆணை எதுவும் இல்லாமல், குடிவரவு நடவடிக்கைக்காக எம்விசி உங்கள் தகவலைக் கொடுக்கக் கூடாது. நியூயார்க்கில் 2019ல் இதேபோல லைசன்ஸ் தர வந்த கிரீன் லைட் சட்டம் இதைவிடக் கடுமையானது. அதற்காகவே 2020 பிப்ரவரியில் நியூயார்க் ஆட்களை குளோபல் என்ட்ரி போன்ற, எல்லைச் சோதனையைச் சீக்கிரம் முடிக்கும் திட்டங்களில் சேரவிடாமல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது, ஜூலையில்தான் திரும்பத் திறந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் அதே சட்டத்தின் மேல் வழக்கும் போட்டது. அந்தத் தகவலுக்காக எவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள் என்று இதிலிருந்தே புரியும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் 1993லிருந்தே விசா பார்க்காமல் லைசன்ஸ் கொடுக்கிறார்கள். அங்கே லைசன்ஸ் துறையே ஐஸுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தது 2018ல் வெளியே வந்தது. அடுத்த வருடம் யூட்டா, வெர்மான்ட், வாஷிங்டன் மூன்றிலும் லைசன்ஸ் புகைப்படங்களை வைத்து முகம் தேட ஐஸ் கேட்டதும் தெரிந்தது. அந்த ஊர் ஜனங்களும் அரசாங்கத்தை நம்பித்தான் போட்டோவுக்கு உட்கார்ந்திருப்பார்கள். மாநிலப் போலீஸ்களுக்கு இடையே தகவல் ஓடும் நிலெட்ஸ் என்ற வலைப்பின்னல் ஒன்று இருக்கிறது. மத்திய அமைப்புகளும் அதற்குள் வரலாம். மாநிலம் எவ்வளவு தூரம் கதவைச் சாத்தியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

அதனால் என் கருத்து இது. உங்கள் மேல் ஏற்கனவே நாடு கடத்தும் உத்தரவு இருந்தால், அல்லது பழைய கைது, வழக்கு ஏதாவது இருந்தால், முதலில் வக்கீல், அப்புறம்தான் எம்விசி. அப்படி எதுவும் இல்லாமல் தினமும் லைசன்ஸ் இல்லாமலேயே ஓட்டுகிறீர்கள் என்றால், நீங்கள் ஏற்கனவே பெரிய ஆபத்தில்தான் இருக்கிறீர்கள். பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தினாலே போதும், அங்கிருந்து கோர்ட்டு, கைரேகை என்று போய்விடலாம். நீங்கள் என் தம்பியாக இருந்தால் வக்கீலிடம் ஒருமுறை பேசிவிட்டு லைசன்ஸ் எடுக்கத்தான் சொல்வேன்.

வாக்காளர் கேள்வியை மறக்காதீர்கள்.

ஃபிலடெல்ஃபியா வாசகர்: பென்சில்வேனியாவில் தர மாட்டேன் என்கிறார்கள். கேம்டனில் இருக்கும் மச்சான் முகவரியைக் கொடுத்து அங்கே எடுக்கலாமா?

கூடாது. பொய் முகவரி மோசடிக் குற்றம். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதைவிட அது குடிவரவு வழக்கில் அதிகம் கடிக்கும். இதற்கென்று காசு வாங்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். நியூ மெக்ஸிகோவில் வெளிமாநில ஆட்களைக் கூட்டிவந்து பொய் முகவரியில் லைசன்ஸ் எடுத்துக் கொடுத்த கும்பல்கள் மாட்டின. அதையே காரணம் காட்டி அங்கே சட்டத்தை நீக்க வருடக்கணக்காக முயன்றார்கள், உண்மையாக அங்கே குடியிருந்தவர்கள்தான் பயந்து கிடந்தார்கள். நிஜமாகவே கேம்டனுக்குக் குடிமாறினால் வாருங்கள்.

டல்லாஸ் நண்பர்: மேடம், வருத்தமாக இருக்கிறது. 13 வருடமாக எச்1பியில் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் லைசன்ஸுக்கு அலைகிறேன். சட்டத்தை மீறியவருக்கு அதே கார்டைக் கையில் கொடுப்பது எங்களுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா?

உங்கள் வலி எனக்குத் தெரியும். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இந்தியர்களை எப்படி நசுக்குகிறது என்று என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சமையல்காரருக்கு லைசன்ஸ் கிடைத்ததால் உங்கள் வரிசை ஒரு நாள்கூட நீளவில்லை. லைசன்ஸ் கிரீன் கார்டுக்கு வழி கிடையாது. இவருக்குக் கண் தெரிகிறது, சாலை விதி தெரிகிறது, ஓட்டத் தெரிகிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உங்கள் அலைச்சலுக்கும் இதே சட்டம்தான் மருந்து. டெக்சஸில் அது இல்லாததால்தான் நீட்டிப்புக்கு நீட்டிப்பு அலைகிறீர்கள்.

டல்லாஸ் நண்பர் மறுபடியும்: சட்டம் என்று ஒன்று இருக்கிறதே மேடம். லைசன்ஸ் கொடுத்தால் இன்னும் பேர் வருவார்கள். விபத்தும் கூடும்.

விபத்து பற்றி ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் விசா பார்க்காமல் லைசன்ஸ் தரும் ஏபி 60 சட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. முதல் வருடத்திலேயே 6 லட்சம் பேர் லைசன்ஸ் எடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதை மாவட்டம் மாவட்டமாகப் பார்த்து 2017ல் வெளியிட்டார்கள். மொத்த விபத்து கூடவில்லை. மோதிவிட்டு ஓடிப்போகிற விபத்துகள் 7 முதல் 10 சதவீதம் குறைந்திருந்தன. எனக்கு இது ஆச்சரியமே இல்லை. என்னிடம் படித்த ஒருவரிடம், அவர் லைசன்ஸ் எடுப்பதற்கு முன்னால் கேட்டேன்: "யார் மேலாவது இடித்துவிட்டால் நிற்பீர்களா?" பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர், மூன்று பிள்ளைகள். பாஸான அன்றைக்கு அவரே அதை ஞாபகப்படுத்தி "இனி நிற்பேன் அக்கா" என்றார். இடிபட்டுக் கிடப்பது உங்கள் மகளாகவும் இருக்கலாம். நின்று 911ஐக் கூப்பிடுகிற டிரைவர் உங்களுக்கு வேண்டாமா?

இது புதுச் சலுகையும் இல்லை. கலிஃபோர்னியாவில் 1994 வரை யாரும் விசாவைக் கேட்டதே கிடையாது. 1993ல் போட்ட சட்டம்தான் கதவைச் சாத்தியது. 2003ல் ஆளுநர் கிரே டேவிஸ் கையெழுத்திட்டுத் திறந்தார். அவர் பதவி பறிபோனதும் அடுத்த ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் காலத்தில் அதே வருடம் ரத்தானது. பிறகு 2013ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன்தான் திறந்துவிட்டார். இடைப்பட்ட இருபது வருடத்தில் யாரும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை, லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினார்கள்.

சிகாகோ வாசகர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டல்லாஸ் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லைசன்ஸ் கொடுக்கட்டும், ஆனால் வேறு நிறத்தில் கொடுக்கட்டும்.

அதை உங்கள் இல்லினாயே செய்து பார்த்தது. 2013 சட்டத்தில் கொடுத்த அந்தக் கார்டு ஊதா நிறம், அடையாளத்துக்குச் செல்லாது என்று மேலேயே அச்சு. நீட்டிய உடனே போலீஸ், வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லாருக்கும் இவருக்குக் காகிதம் இல்லை என்று தெரிந்துவிடும். 2024 ஜூலையில் அதை விட்டுவிட்டு எல்லாருக்கும் போலவே கொடுக்க ஆரம்பித்தார்கள். தனி அடையாளம் வைத்தால் அதைக் குறிவைத்து அடிப்பது சுலபம். ஃபுளோரிடா 2023ல் போட்ட சட்டத்தைப் பாருங்கள், இவர்களுக்கென்று தனியாகக் கொடுத்த வெளிமாநில லைசன்ஸ் எங்கள் சாலையில் செல்லாது என்றது. கனெக்டிகட்டின் "டிரைவ் ஒன்லி" கார்டு அதில் மாட்டியது. நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் லைசன்ஸை அமெரிக்கக் குடிமக்களும் வாங்குகிறார்கள், ரியல் ஐடிக்குக் காகிதம் தேட அலுத்துப்போய். என் பக்கத்து வீட்டுக்காரர் இங்கேயே பிறந்தவர், அவரிடம் இருப்பதும் அதுதான். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இருப்பதுதான் இவர்களுக்குப் பாதுகாப்பு. குடிமக்களே, உங்களுக்குப் பாஸ்போர்ட் இருந்தால் ஸ்டாண்டர்ட் எடுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வதும் இதற்காகத்தான்.

டல்லாஸ் நண்பர்: கடைசியாக ஒன்று. என் மகளுக்கு வரும் மே மாதம் 21 வயது. என் விசாவோடு சேர்ந்த எச்4 முடிகிறது. அவள் நியூ ஜெர்சியில்தான் படிக்கிறாள்.

தம்பி, இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே. மாணவர் விசாவான எஃப்1க்கு மாறும் விண்ணப்பத்தை மே வரை இழுக்காதீர்கள், இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். லைசன்ஸைப் பொறுத்தவரை, அவள் உண்மையாகவே இங்கே குடியிருந்தால், முகவரிச் சான்று இருந்தால், ஸ்டாண்டர்ட் எடுக்கலாம். இடையில் அந்தஸ்து தொங்கலில் நின்றாலும் கார் ஓட்டுவது நிற்காது. வாக்காளர் கேள்வியைப் பற்றி அவளிடம் நீங்களே சொல்லுங்கள். காலேஜ் வளாகத்தில் பேப்பரோடு நிற்பவர்களும் பதிவு செய்யச் சொல்வார்கள், அங்கேயும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஜெர்சி சிட்டி, ஈழத்துச் சகோதரர்: அசைலம் (அடைக்கலம்) கேஸ் நிலுவையில். எனக்கும் ஸ்டாண்டர்ட்தானா?

வேண்டியதில்லை. 2005 ரியல் ஐடி சட்டமே அசைலம் விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களைச் சட்டப்படி இருப்பவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. தற்காலிக ரியல் ஐடி கேட்கலாம். விண்ணப்ப ரசீது, வேலை அனுமதி அட்டை இரண்டையும் கொண்டு போங்கள்.

பிஸ்கடவே: சோஷியல் இல்லாமல் எடுக்கலாமா?

நெவார்க் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஐசெலின்: ஸ்டாண்டர்டை வைத்து விமானத்தில் போகலாமா?

2025 மே 7 முதல் தனியாக அது செல்லாது. செல்லுபடியாகும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஏற்பார்கள். அந்தஸ்து இல்லாதவர்கள் விமான நிலையச் சோதனை மத்திய அரசின் பொறுப்பில் இருக்கிறது என்பதை யோசித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

பெயர் இல்லை: இந்த லைசன்ஸைக் காட்டி வேலையில் சேரலாமா?

முடியாது. வேலை அனுமதி வேறு.

இன்னொரு வாசகர்: சோஷியல் செக்யூரிட்டி நம்பர்…

ஐயா, மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

பார்சிப்பனி அம்மா: ஊரிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் விசிட்டர் விசாவில் ஓட்டலாமா?

இந்திய லைசன்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் அங்கேயே எடுத்து வரச் சொல்லுங்கள் அம்மா. உங்கள் காரின் இன்ஷூரன்ஸ்காரரிடம் முதலில் கேளுங்கள்.

சமையல் வேலை பார்க்கும் தம்பி, மறுபடியும்: அக்கா, வக்கீலுக்கு நாளைக்கு நேரம் வாங்கிவிட்டேன். எழுத்துத் தேர்வு எப்படி? ரோடு டெஸ்டுக்கு எந்தக் கார் கொண்டு போவது?

சந்தோஷம் தம்பி. 50 கேள்வி, 40 சரியாக இருந்தால் பாஸ். எம்விசி கையேட்டில் குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிய பகுதியை இரண்டு தடவை படியுங்கள், அந்த எண்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெர்மிட் கிடைத்த பிறகு, 21 வயதுக்கு மேல் என்றால் மூன்று மாதம் லைசன்ஸ் உள்ளவரைப் பக்கத்தில் வைத்து ஓட்ட வேண்டும். இத்தனை வருடம் ஓட்டியவர்தானே என்று அதை விட்டுவிடாதீர்கள். ரோடு டெஸ்டுக்குக் கொண்டு போகிற காரில், பக்கத்து சீட்டில் உட்காரும் தேர்வாளரின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஹேண்ட் பிரேக் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் முதலாளியின் வேன் வேண்டாம். சனிக்கிழமை என் காரை எடுத்துக்கொள்ளலாம், வாருங்கள்.