சாலை விதிகளை ஊருக்கு எடுத்துச் சொல்வது எப்படி? கேள்வி பதில்

சாலைப் பாதுகாப்புப் பிரசாரம் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

"வேகம் ஆபத்து" என்று தெருமுனையில் பலகை வைத்தோம். யாரும் கண்டுகொள்வதில்லையே?

வேகம் ஆபத்து என்பது தெரியாத ஓட்டுநர் யார்? அவருக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். "இந்தப் பள்ளி வாசலில் வேக வரம்பு 30. காலை 8 முதல் 9 வரை போலீஸ் சோதனை உண்டு" என்று எழுதினால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். ஆனால் அந்தச் சோதனை உண்மையிலேயே நடக்க வேண்டும். போக்குவரத்துக் காவல்துறையிடம் பேசி நாள் குறித்த பிறகே பலகையை மாட்டுங்கள். மூன்று முனை சீட் பெல்ட் வோல்வோ கார்களில் 1959-லேயே வந்துவிட்டது. இருந்தும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-ல் அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அறிவுரையோடு சட்டமும் கண்காணிப்பும் சேர்ந்தால்தான் பழக்கம் மாறும்.

30 ரொம்பக் குறைவு. 40-ல் போனால் என்ன ஆகிவிடும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். காய்ந்த சாலை, நல்ல பிரேக். 13 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது. அதைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ல் வருபவர் குழந்தைக்கு முன்னால் ஏறக்குறைய நின்றேவிடுவார். 40-ல் வருபவருக்கு அந்த ஒரு வினாடியிலேயே 11 மீட்டர் போய்விடும். மிச்சம் இருக்கும் 2 மீட்டரில் வேகம் பெரிதாகக் குறையாது, சுமார் 35-ல் மோதுவார். 50-ல் வருபவரின் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கூட்டங்களில் நான் இதை வாயால் சொல்வதோடு விடுவதில்லை. சாலையில் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுவேன். வாதம் செய்ய வந்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஹாண்ட்ஸ் ஃப்ரீயில் பேசலாம்தானே?

கை சும்மா இருக்கும், கவனம் இருக்காது. வேண்டாம்.

தெரிந்தே விதியை மீறுகிறவர்களை என்ன செய்வது?

1990-களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் மேயர் அந்தானஸ் மொக்குஸ், ஊமை நாடகக் கலைஞர்களைச் சாலைச் சந்திப்புகளில் நிறுத்தினார். ஜீப்ரா கோட்டின் மேல் காரை நிறுத்தியவரை அவர்கள் பேசாமலே நடித்துக் காட்டிக் கேலி செய்தார்கள். அபராதத்துக்கு அசையாதவர்களும் பத்துப் பேர் பார்வைக்கு அஞ்சினார்கள். கூடவே, மதுக்கடைகளை இரவு ஒரு மணிக்கு மூட உத்தரவும் போட்டார். சாலை மரணங்கள் குறைந்ததில் இரண்டுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். நாடகத்தை மட்டும் நகல் எடுத்துவிட்டு உத்தரவை மறந்துவிடாதீர்கள்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போகிறேன். என்ன சொல்லலாம்?

படம் காட்டுவதைவிட, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்ச் சாலையைக் கடக்கப் பழக்குங்கள். வரும் வண்டியின் வேகத்தைச் சின்னக் குழந்தைகளால் சரியாகக் கணிக்க முடியாது. நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் உயரமும் அவர்களுக்குக் கிடையாது. ஒரு முறை அங்கே முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள், சாலையே தெரியாது.

அதனால் பொறுப்பைக் குழந்தைகளின் தலையில் கட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 5 முதல் 29 வயதுள்ளவர்களை அதிகம் பலி வாங்குவது சாலை விபத்துதான். இதற்குப் பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதே பள்ளியில் பெற்றோருக்கும் ஒரு கூட்டம் வையுங்கள். வாசலில் இரட்டை வரிசையாக வண்டி நிறுத்துவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பக்கத்துத் தெருவுக்குப் போகவும் ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். தாடைப் பட்டையையும் மாட்டுங்கள், மாட்டாவிட்டால் விழும்போது தலைக்கு முன்பே ஹெல்மெட் கழன்று ஓடிவிடும்.

ஆபத்தான சந்திப்பு என்று பலமுறை புகார் கொடுத்தும் பலன் இல்லை.

முதலில் அந்தச் சாலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். உள்ளாட்சியின் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறையிடம் மனு கொடுத்தால் அது மேஜை மேஜையாக அலையும். பிறகு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், எந்தப் பக்கமிருந்து வந்த வண்டி, என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். மயிரிழையில் தப்பியவற்றையும் சேருங்கள், அடுத்த விபத்து எங்கே என்பதை அவைதான் காட்டும். "ஆபத்து" என்று பொதுவாக எழுதாமல், "மாலையில் இடப்பக்கம் திரும்பும் லாரிக்கு, கடக்கிறவர் தெரிவதில்லை, மறைக்கும் விளம்பரப் பலகையை அகற்றுங்கள்" என்று கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.