ட்ராக்கில் டேட்டா லாகரும் வீடியோவும்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கும் கோவை கரி ஸ்பீட்வேக்கும் கார், பைக் கொண்டுபோகிற நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். டேட்டா லாகர் என்பது வண்டி எங்கே எந்த வேகத்தில் ஓடியது என்று பதிவு செய்யும் கருவி. லேப் என்பது ட்ராக்கில் ஒரு முழுச் சுற்று, செஷன் என்பது ஒருமுறை ட்ராக்கில் இறங்கி ஓட்டும் நேரம்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), போன்ல ரேஸ்க்ரோனோ ஆப் போட்டாலே லேப் டைம் வருதே. தனியா ஜிபிஎஸ் பெட்டி எதுக்கு?

ஆப் போதும் தம்பி, போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ்தான் போதாது. பெரும்பாலான போன்கள் வினாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். நீங்கள் பிரேக் மிதித்தது அந்த 28 மீட்டருக்குள் எங்கே என்பதற்கு ஆப்பிடம் பதில் இருக்காது. 10 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 10 முறை) ரிசீவர் என்றால் 2.8 மீட்டருக்கு ஒரு புள்ளி, 25 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 1.1 மீட்டருக்கு ஒன்று. ரேஸ்பாக்ஸ் மினி மாதிரி 25 ஹெர்ட்ஸ் பெட்டியை ப்ளூடூத்தில் இணைத்தால் அதே ஆப்பே வேறு ஆளாகிவிடும். காருக்கு 10 ஹெர்ட்ஸே ஒப்பேறும். கோ-கார்ட், பைக் ஓட்டுபவர்கள் 25-க்குப் போகலாம்.

பாம்பன்: அண்ணே, போட்டுல மாட்டுற ஜிபிஎஸ் ஒண்ணு சும்மா கிடக்கு. அத கார்ல வச்சா?

வேண்டாம். வலை போட்ட இடத்துக்குத் திரும்பிப் போக அது அருமையான சாமான். ஆனால் அதுவும் பொதுவாக வினாடிக்கு ஒரு புள்ளிதான். போட் வேகத்துக்கு அது ஏராளம், கார்னருக்குள் (வளைவில்) ஒன்றுமே இல்லை.

ராமநாதபுரம்: மொத்தமா ஒரு செட் வாங்கணும். சோலோ, கேட்டலிஸ்ட், விபாக்ஸ்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது சார்?

முதல் வருடத்துக்கு வெளி ஜிபிஎஸ், ரேஸ்க்ரோனோ அல்லது ஹாரிஸ் லேப்டைமர் ஆப், சாதாரண ஆக்‌ஷன் கேமரா ஒன்று. இவ்வளவுதான் என் பரிந்துரை. மிச்சப் பணத்தை டயருக்கும் பிரேக் பேடுக்கும் வையுங்கள்.

லேப்டாப் திறந்து கோடுகளைப் பார்க்கும் பொறுமை இல்லாதவருக்கு கார்மின் கேட்டலிஸ்ட் பொருந்தும். கேமராவும் அதோடு வரும், எங்கே நேரம் போகிறது என்று அதுவே சொல்லும். ஆனால் ஆழமாகத் தோண்ட முடியாது. ஏய்எம் சோலோ 2 தனியாக ஓடும் லேப் டைமர். அதிலேயே டிஎல் மாடல் என்றால் இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவிலிருந்தும் டேட்டா எடுக்கும், அதற்கான ரேஸ் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம். விபாக்ஸ் வீடியோ வகையில் இரண்டு கேமராவும் டேட்டாவும் ஒரே பெட்டியில் பதிவாவதால், வீடியோ ஒரு பக்கம் டேட்டா ஒரு பக்கம் என்று நழுவாது. விலைதான் இடிக்கும். போட்டியில் இறங்குபவர் வாங்கலாம்.

பரமக்குடி: மலிவு ஓபிடி டாங்கிள் ஒண்ணு இருக்கு. பிரேக், ஸ்டியரிங் எல்லாம் வருமா?

வராது. ஓபிடி என்பது காரின் கோளாறு பார்க்கும் சாக்கெட். அதில் ஒவ்வொரு விவரத்தையும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். ஆறு விவரம் கேட்டால் டேட்டா வரும் வேகம் ஆறாகப் பங்கு போகும். அதனால் ஆர்பிஎம், த்ராட்டில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். பிரேக் அழுத்தமும் ஸ்டியரிங் கோணமும் வேண்டுமென்றால் காரின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனையே ஒட்டுக்கேட்கும் கருவி வேண்டும். சில கார்களில் கேட்வே என்ற தடுப்புக் கணினி அதையும் மறித்துவிடும், வாங்குமுன் உங்கள் மாடலுக்கு வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிரேக் பிடித்ததை ஜிபிஎஸ் வேகக் கோட்டிலேயே படித்துவிடலாம், கவலை வேண்டாம்.

மண்டபம்: கேமரா பாதி செஷன்லயே அணைஞ்சு போகுது. எங்க மாட்டுறது, என்ன செட்டிங்?

சூடுதான் காரணம். 4கே வேண்டாம், 1080பி 60 ஃப்ரேம் போதும். வைஃபையை அணையுங்கள். யுஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் கேமரா என்றால் உள் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், சூடு குறையும். செஷன் இடைவெளியில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் விடாதீர்கள்.

இடம்: நமக்கு வலப்பக்க ஸ்டியரிங். இரண்டு சீட்டுக்கும் நடுவே, டிரைவரின் இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். கை, ஸ்டியரிங், முன் ரோடு மூன்றும் தெரிய வேண்டும். முன் கண்ணாடியில் ஒட்டினால் ரோடு மட்டும் தெரியும், தப்பு செய்த கை தெரியாது. ரோல் பார் இருந்தால் கிளாம்ப். சக்‌ஷன் கப்பை நம்பினால் வெயிலில் இளகி விழும், கூடவே ஒரு கயிறு கட்டியே ஆக வேண்டும். எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள், இல்லாவிட்டால் கார் உள்பக்கமே நீந்துகிற மாதிரி வரும். கேமரா செட்டிங்கில் வெளிச்சத்தை (எக்ஸ்போஷர்) அரை ஸ்டாப் குறைத்தால் ரோடு வெளுக்காது.

மெமரி கார்டில் யு3 அல்லது வி30 என்ற வேகக் குறி இருக்க வேண்டும். வினாடிக்கு 60 மெகாபிட் பதிவுக்கு மணிக்கு 27 ஜிபி ஆகும், 20 நிமிட செஷனுக்கு 9 ஜிபி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் பெட்டியை கேமராவிலிருந்தும் மலிவு சார்ஜரிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், அவற்றின் மின் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும். கண்ணாடியில் உலோகம் கலந்த சன் ஃபிலிம் இருந்தால் கூரைமேல்தான் ஆன்டெனா.

தொண்டி: ரெண்டு மாசம் ஷெட்டுல கிடந்தா கனெக்டர் எல்லாம் பச்சை பிடிச்சுப் போகுது.

உப்புக்காற்றில் செம்புக்குக் களிம்பு ஏறத்தான் செய்யும். வயரிங் புதிதாகச் செய்தால் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள், போட் வயரிங் கடைகளில் கேளுங்கள். மூட்டுகளில் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். சாதா ஷ்ரிங்க் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கனெக்டரில் டைஎலெக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் லேசாக. ட்ராக் முடிந்ததும் லாகரையும் கேமராவையும் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வீட்டுக்குள் வையுங்கள். லென்ஸைத் துடைக்குமுன் ஊதுங்கள். மணலோடு தேய்த்தால் போச்சு.

தேவிபட்டினம்: டேட்டா வந்துருச்சு, கோடு கோடா இருக்கு. எதப் பாக்கணும்?

இதற்குத்தான் இத்தனை செலவும். உங்கள் சிறந்த லேப், அதே செஷனின் இன்னொரு லேப், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கிடை அச்சு நேரமாக இருக்கக்கூடாது, தூரமாக இருக்க வேண்டும். நேர வித்தியாசக் கோடு (ஒரு லேப் மற்றதைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்பது) எங்கே சாய்கிறதோ அங்கே மட்டும் பாருங்கள்.

நேர்ப்பாதை முடிவில் வேகக் கோடு கூம்பு மாதிரி உச்சியிலிருந்து சட்டென்று விழ வேண்டும். உருண்டையாக இருந்தால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, பிரேக் மிதிக்காமல் சும்மா உருண்டிருக்கிறீர்கள். 140 கி.மீ. வேகத்தில் அரை வினாடி உருண்டால் 19 மீட்டர் வீண். காய்ந்த ரோட்டில் நல்ல டயர் 0.9 ஜி (புவியீர்ப்பில் 0.9 மடங்கு) அளவுக்குப் பிரேக் தாங்கும். உங்கள் கோடு 0.6-இலேயே நின்றால் காலில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

அடுத்தது கார்னரின் மிகக் குறைந்த வேகம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். 3 கி.மீ. கூடுதலாக உள்ளே போனோம் என்று சந்தோஷப்படுவார்கள், ஆனால் வண்டி வெளியே தள்ளி ஆக்சிலேட்டர் தாமதமாகும். அந்த இழப்பு அடுத்த நேர்ப்பாதை முழுக்கத் தொடரும். ஆகவே வெளியேறும் வேகத்தையும் சேர்த்துத்தான் தீர்ப்பு. ஏன் தாமதம் என்று டேட்டா சொல்லாது. ஸ்டியரிங்கை எப்போது திரும்ப நேராக்கினீர்கள் என்று வீடியோவில் பாருங்கள்.

ஒன்று கவனம்: ஆப்பில் லேப் தொடங்கி முடியும் கோட்டை அகலமாகப் போட்டால் பக்கத்துப் பிட் லேனையும் (வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் போகும் பாதை) சேர்த்துப் பிடித்து, பொய் லேப் காட்டும்.

ராமேஸ்வரம்: தனுஷ்கோடி ரோடு நேரா இருக்கு. போறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவை வேகமா ஓட்டி செக் பண்ணிக்கலாமா? ட்ரோன்ல எடுக்கலாமா?

வேகத்துக்குக் கூடாது, அது பொது ரோடு. கருவியைச் சோதிக்க 50 கி.மீ. வேகமே போதும்: செயற்கைக்கோள் பிடிக்கிறதா, ஃபைல் சேமிக்கிறதா, வீடியோ டேட்டாவோடு ஒத்துப்போகிறதா. திறந்த வானம், அதற்கு நல்ல இடம். ட்ரோன் விஷயத்தில் உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதை மறக்காதீர்கள், அனுமதி வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

ஏர்வாடி: பைக்குக்கு போனையே ஹேண்டில்ல மாட்டிக்கட்டுமா?

இன்ஜின் அதிர்வு போன் கேமராவின் ஸ்டெபிலைசரைக் கெடுத்துவிடும், ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. போனை ஜாக்கெட் பைக்குள் போடுங்கள், ஜிபிஎஸ் பெட்டியைப் பின் சீட்டு மேல் டூயல் லாக் (ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டை) வைத்து ஒட்டுங்கள். ஹெல்மெட்டில் கேமரா மாட்ட பல ட்ராக்குகளில் விடமாட்டார்கள், போகுமுன் ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள். பிட்டின் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் பிடிக்காது, செஷனுக்குப் பத்து நிமிடம் முன்பே வண்டியை வெளியே தள்ளி லாகரை ஆன் செய்யுங்கள்.