வாசகர் கேள்விகள்: படம் விட்ட பாதி

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களையே திரும்பத் திரும்பப் படமாக எடுக்கிறார்களே, புதுக் கதைக்கு அவ்வளவு பஞ்சமா?

பஞ்சமெல்லாம் இல்லை. காப்புரிமை முடிந்துவிட்டது, கதைக்கென்று யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்பது ஒரு காரணம்தான். ஆனால் காசு மிச்சம் என்பதற்காக மட்டும் ஒரே கதையைத் தலைமுறைக்கு ஒரு தடவை எடுக்க மாட்டார்கள். அந்த நாவல்கள் எந்த ஒரு படத்துக்குள்ளும் முழுசாக அடங்குவதில்லை. ஒருவர் விட்டுவிட்டதைச் சொல்ல இன்னொருவர் வருகிறார். எனக்குப் படுகிற பெரிய காரணம் இதுதான்.

1847-ல் வெளிவந்த எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலைப் பாருங்கள். மொத்தம் 34 அத்தியாயம். 16-வது அத்தியாயத்தில் நாயகி கேத்தரின் இறந்துவிடுகிறாள். அவளைக் காதலிக்கும் ஹீத்கிளிஃபாக லாரன்ஸ் ஒலிவியர் நடித்த 1939 படம் ஏறக்குறைய அந்த அளவோடு கதையை முடித்துக்கொள்கிறது. நன்றாக எடுத்த படம், கண்ணீர் வரும். ஆனால் புத்தகத்தில் இன்னும் பாதிக் கதை பாக்கி இருக்கிறது! தன்னை இழிவுபடுத்தியவனின் மகன் ஹேர்ட்டனை, எழுத்துகூடத் தெரியாதவனாக வேண்டுமென்றே வளர்க்கிறான் ஹீத்கிளிஃப். செத்துப்போன கேத்தரினின் மகளும் ஹேர்ட்டனை முதலில் ஏளனம்தான் செய்கிறாள். அப்புறம் அவளே பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு சொல்லை மூன்றாவது தடவையும் தப்பாகப் படிக்கிறான். இன்னொரு தடவை சொல்லித்தர மாட்டேன், நினைவு வைத்துக்கொள், இல்லையென்றால் முடியைப் பிடித்து இழுப்பேன் என்று மிரட்டுகிறாள். அவன் சரியாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பரிசாக முத்தம் கேட்கிறான். பெரியவர்கள் வளர்த்த வன்மம் பிள்ளைகள் கையில் எப்படி ஓய்கிறது என்பதை இதைவிட எளிமையாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. இந்தப் பாதியை விட்டால் மிஞ்சுவது ஒரு காதல் சோகம் மட்டுமே.

கேள்வி: தமிழில் இப்படி ஏதாவது வந்திருக்கிறதா?

ஏன் இல்லை? விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ளே’ 1862-ல் வந்தது. அதைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். 1950-ல் ராம்நாத் இயக்கத்தில் அதே பெயரில் படமும் வந்தது, நாகையா நடித்தார். விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக வந்த சீதாராமன், அதற்குப் பிறகு கடைசிவரை ஜாவர் சீதாராமன்தான்.

கேள்வி: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படம் பார்த்தாயிற்று. நாவலையும் படிக்க வேண்டுமா?

கட்டாயம் படியுங்கள். 1931 படத்தில், விஞ்ஞானி உருவாக்கும் அந்த உயிருக்குப் பேச்சே கிடையாது, உறுமல்தான். 1818-ல் மேரி ஷெல்லி எழுதிய நாவலிலோ அது தன் கதையைத் தானே அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்கிறது. ஒரு வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக அந்த வீட்டாரைப் பார்த்துப் பார்த்தே மொழி கற்கிறது. வீட்டில் பார்வையற்ற பெரியவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறது. அவருக்கு இதன் உருவம் தெரியாது, அன்பாகப் பேசுகிறார். அதற்குள் மகன் வந்து தடியால் அடிக்கிறான். திருப்பி அடிக்கிற பலம் இருந்தும் அது அடிக்கவில்லை, ஓடிவிடுகிறது. அந்த இடத்தைப் படித்த பிறகு அதைப் பேய் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

கேள்வி: இவ்வளவு தடிமனான புத்தகங்களை எங்கிருந்து ஆரம்பிப்பது? சுருக்கப் பதிப்பு போதுமா?

சுருக்கப் பதிப்பு வேண்டாம். படம் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ எடுங்கள். 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அந்தக் காலத்து வாசகர்களைப் போல நீங்களும் வாரத்துக்கு ஒன்றிரண்டு அத்தியாயம் படித்தால் தடிமன் ஒரு பொருட்டே இல்லை. முதல் அத்தியாயத்திலேயே, கல்லறைத் தோட்டத்தில் தனியாக நிற்கும் சிறுவன் பிப்பைத் தப்பியோடிய கைதி ஒருவன் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவான். அந்தக் கைதி யார், பின்னால் என்ன ஆகிறான் என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.