ஸ்கேனில் நோய் இல்லை என்று வந்த பிறகும் மற்ற விரைக்குக் கதிர்வீச்சு தேவையா?

விரையில் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று வந்த உங்கள் தந்தைக்கு ஒரு விரையை அகற்றி, கீமோதெரபியும் முடிந்து, ஸ்கேனில் நோய் இல்லை என்று வந்துவிட்ட பிறகு, நன்றாக இருக்கும் மற்ற விரைக்கு ஏன் கதிர்வீச்சு என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவுக்காக இதே கேள்வியோடு நானும் மருத்துவர் முன் அமர்ந்திருக்கிறேன். தயங்காமல் கொடுங்கள் என்பதே என் பதில்.

விந்தணுக்கள் உருவாகும் பகுதிக்கும் இரத்தத்துக்கும் நடுவே செர்டோலி செல்களால் ஆன ஒரு தடுப்பு இருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலிலிருந்து விந்தணுக்களைக் காக்கும் அந்தத் தடுப்பே ஆர்-சாப் என்னும் கீமோதெரபிக் கூட்டு மருந்துகளையும் போதிய அளவு உள்ளே விடுவதில்லை என்பதால், ஸ்கேனுக்குத் தென்படாத சில புற்றுச் செல்கள் அங்கே தங்கிவிடக்கூடும். 2003-இல் வெளியான, 373 நோயாளிகளைப் பற்றிய பன்னாட்டு ஆய்வில், கதிர்வீச்சு பெறாதவர்களுக்கு மற்ற விரையில் நோய் திரும்பும் வாய்ப்பு 3 ஆண்டுகளில் 15 விழுக்காடு, 15 ஆண்டுகளில் 42 விழுக்காடு. ஆர்-சாப், தண்டுவட ஊசி, கதிர்வீச்சு மூன்றையும் சேர்த்து 53 பேருக்குக் கொடுத்த ஆய்வு 2011-இல் வந்தது. அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த விரையில் நோய் திரும்பவில்லை. நோய் மூளைக்குப் பரவாமல் காப்பது இந்தக் கதிர்வீச்சின் வேலையன்று. அதற்கான மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்துச் சிகிச்சையைப் பற்றித் தனியே கேளுங்கள்.

நம் ஊரில் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்வதால், உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்றே அப்பா நம்பி இரண்டு இரவுகள் தூங்காமல் இருந்தார். உண்மையில் அவருக்கு வலியே இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரம், நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), மொத்தம் 30 கிரே. ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களே. கடைசி வாரத்தில் விரைப்பைத் தோல் சிவந்து எரிந்தது. தளர்வான பருத்தி வேட்டியும் மருத்துவர் தந்த களிம்புமே போதுமானதாக இருந்தன.

எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. இந்த அளவுக் கதிர்வீச்சு விந்தணு உற்பத்தியை நிறுத்துவதோடு, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனின் சுரப்பையும் காலப்போக்கில் குறைத்துவிடக்கூடும். பல மாதங்கள் கழித்து அப்பாவுக்கு வந்த சோர்வையும் மனத்தளர்ச்சியையும் முதுமை என்றே எண்ணி வீணே காலம் கடத்தினோம். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றில் காரணம் தெரிந்து, ஹார்மோன் ஊசி போட்ட பிறகுதான் அவர் பழையபடி காலையில் நடக்கப் போனார். ஆகவே கதிர்வீச்சு தொடங்கும் முன்பே டெஸ்டோஸ்டிரோன் அளவை ஒருமுறை பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.