இன்சுலினை வீட்டுல எங்க வைக்கிறீங்க?

(சென்னையில ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியை நடத்துற டாக்டர் இந்த வாரம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்றார்.)

வாசகி, பெரம்பூர்: எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் 'ஹோலிஸ்டிக் கேர்'னு போர்டு இருக்கு. யோகா, மூலிகை, மசாஜ் இதெல்லாம்தானா சார் அது?

அதுவும் இருக்கலாம்மா, ஆனா விஷயம் அது இல்ல, நோயை மட்டும் பாக்காம ஆளையே முழுசா பாக்குறதுதான். 1967-ல லண்டன்ல சாகுற கட்டத்துல இருக்கிறவங்களைப் பாத்துக்க செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ், முதல்ல நர்ஸ், அப்புறம் சமூகப் பணி, அதுக்கும் அப்புறம்தான் டாக்டருக்குப் படிச்சவங்க, அவங்க சொன்னது என்னன்னா வலின்னா உடம்பு மட்டும் இல்ல, மனசு, குடும்பம், பணக்கஷ்டம், சாவு பயம் எல்லாம் சேர்ந்ததுதான்னு. படிக்கும்போது தலையாட்டிட்டுப் போயிட்டேன், புரிஞ்சது எங்க வார்டுலதான்.

வியாசர்பாடி பக்கம் ஒரு ஆட்டோ டிரைவர், கால்ல சுகர் புண், 4 மாசத்துல 3 தடவை அட்மிட் ஆனார். இங்க இருக்கிற வரைக்கும் சுகர் அடங்கும், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனா மறுபடியும் 400. இன்சுலின் ஊசி போடாம ஏமாத்துறார்னு எல்லாரும் திட்டினோம், நானும்தான். மூணாவது தடவை ஒரு நைட் டூட்டி சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, "மருந்த வீட்டுல எங்கண்ணே வைக்கிறீங்க"ன்னு கேட்டிருக்காங்க. ஆஸ்பெஸ்டாஸ் வீடு, பிரிட்ஜ் கிடையாது, குழந்தைங்க கைக்கு எட்டக்கூடாதுன்னு பரண் மேல, ஷீட்டுக்கு ஒரு சாண் கீழ வச்சிருக்கார். மே மாச வெயில்ல அந்த மருந்து வீரியமே இல்லாம போயிருக்கு, அவர் பாவம் ஒரு நாள் விடாம குத்திக்கிட்டேதான் இருந்திருக்கார். அதுக்குள்ள ரெண்டு கால் விரலை எடுத்துட்டோம். அவர் கையைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டேன்.

பிரிட்ஜ் இல்லாதவங்க ஒரு மண்பானைக்குள்ள சின்ன பானை வச்சு, நடுவுல ஈர மணல் போட்டு, பாட்டிலை பிளாஸ்டிக் டப்பால போட்டு உள்ள வைங்க. திறந்த பாட்டில் 30 டிகிரிக்குள்ள இருந்தா ஏறக்குறைய 4 வாரம் தாங்கும். பிரிட்ஜ் இருக்கிறவங்க பிரீசர்ல மட்டும் வைக்காதீங்க, உறைஞ்சுபோன இன்சுலினைத் தூக்கிப் போட்டுடணும்.

வாசகர், குரோம்பேட்டை: 18 பெட்ல ஆரம்பிச்சு இன்னைக்கு 120. இன்னும் எவ்வளவு பெருசாக்குவீங்க?

பெட்தான் வளர்ச்சின்னு நானும் ரொம்ப வருஷம் நம்பிட்டேன். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954-ல வெறும் 12 பெட்டோட ஆரம்பிச்சது, தங்கச்சியை கேன்சருக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மாவோட வேதனையில பொறந்தது அது. அதை வளர்த்த டாக்டர் சாந்தா அம்மா 2021-ல காலமாகுற வரைக்கும் அந்த வளாகத்துலயே வாழ்ந்தாங்க. அங்க பெட் கூடினது தேவை கூடினதால. எங்க மாசக் கடைசி மீட்டிங்ல இப்ப முதல் கேள்வி எத்தனை பெட் நிறைஞ்சதுன்னு இல்ல, வீட்டுக்குப் போனவங்கள்ல எத்தனை பேர் 30 நாளுக்குள்ள அதே பிரச்சினையோட திரும்பி வந்தாங்கன்னுதான்.

வாசகி, மேடவாக்கம்: சித்த மருந்தும் சேர்த்து எடுக்கலாமா?

எடுக்கிறதை எங்ககிட்ட மறைக்காதீங்கம்மா, அவ்வளவுதான். தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, முறையா படிச்சவங்ககிட்டயே போங்க. யார் சொன்னாலும் இன்சுலினை நீங்களா நிறுத்தாதீங்க.

வாசகர், திருவொற்றியூர்: அடுத்த திட்டம் என்ன சார்?

புது பில்டிங் இல்ல. அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம் 2021-லேர்ந்து வீட்டுக்கே போய் சுகர், பிபி மாத்திரை கொடுக்குது, அதைப் பாத்துதான் எங்களுக்கும் தைரியம் வந்துச்சு, டிஸ்சார்ஜ் ஆன மூணாவது நாள் எங்க நர்ஸ் உங்க வீட்டுக்கு வருவாங்க. கேன்சர் கடைசிக் கட்டத்துல இருக்கிறவங்களுக்கு வீட்டுலயே வலி குறைக்கணும்னும் ஆசை. அதுக்கான வலி மருந்து மார்ஃபின் கிடைக்கிறதே 1985 போதைப்பொருள் சட்டத்தால கஷ்டமா இருந்தது, 2014-ல திருத்தினாங்க, ஆனா "அடிமை ஆயிடுவாரா டாக்டர்"ன்னு வீட்டுல பயப்படுறாங்க, அந்த பயத்தைப் போக்கவே நாலு தடவை உக்காந்து பேசணும், அதுக்கும் ஆள் வேணும்.

டீமுக்கு ஹெட் அந்த நைட் டூட்டி சிஸ்டர்தான். அவங்க பையில பிபி மிஷினோட ஒரு சின்ன தெர்மாமீட்டரும் இருக்கும், மருந்து வைக்கிற இடத்துல அஞ்சு நிமிஷம் வச்சுப் பாத்துட்டுதான் பேச்சையே ஆரம்பிப்பாங்க.