கிட் எல்எஃப்எஸ்-உம் கிளவுட் பக்கெட்டும்: டெவலப்பர்களிடம் என்ன வசதி கேட்கலாம்?

கேள்வி: டிசைன், வீடியோ ஃபைல்களை கிட் எல்எஃப்எஸ் (பெரிய ஃபைல்களை கிட் ரெப்போவுக்கு வெளியே வைக்க உதவும் நீட்சி) மூலம் கிளவுட் பக்கெட்டில் (இணையச் சேமிப்பிடம்) வைக்கிறோம். ஃபைல் லாக், வேண்டியதை மட்டும் இறக்குவது, மாறிய பகுதியை மட்டும் ஏற்றுவது, பழைய பதிப்புகளை நீக்குவது ஆகிய நான்கு வசதிகளைக் கேட்டு எழுதப்போகிறோம். சரியா?

பதில்: முதல் இரண்டை அடித்துவிடுங்கள், ஏற்கெனவே இருக்கின்றன. டிராக் கட்டளையில் 'லாக்கபிள்' சேர்த்தால், லாக் எடுக்கும்வரை அந்த ஃபைல்கள் ரீட்-ஒன்லியாகவே இருக்கும். குளோன் செய்யும்போது 'ஸ்கிப் ஸ்மட்ஜ்' சூழல் மாறியை 1 என வைத்தால் பாயின்டர்கள் (உண்மையான ஃபைலைச் சுட்டும் சிறு உரை ஃபைல்கள்) மட்டும் வரும்; பிறகு 'எல்எஃப்எஸ் புல்' கட்டளைக்கு 'இன்க்ளூட்' கொடுத்து வேண்டிய ஃபோல்டரை இறக்கலாம். (ஃபைல் கெட்டுவிட்டது என்று எடிட்டர் சொன்னால் அளவைப் பாருங்கள். 130 பைட் அளவில் இருந்தால் அது பாயின்டர்தான்.)

மூன்றாவதுதான் உண்மையான குறை. பாயின்டரில் இருப்பது மூன்றே வரி: ஸ்பெக் பதிப்பு, ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்), அளவு. ஹாஷ் முழு ஃபைலுக்கும் சேர்த்து ஒன்று என்பதால், ஃபைலின் பெயரை மாற்றினால் எதுவும் ஏறாது. ஆனால் 2 ஜிபி ஃபைலுக்குள் ஒரு லேயரின் பெயரை மாற்றினால் 2 ஜிபியும் மறுபடி ஏறும். கேட்கும்போது வெறுமனே 'துண்டுகளாக' என்று எழுதாதீர்கள். சம அளவுத் துண்டுகள் என்றால், ஃபைலின் தொடக்கத்தில் ஒரு பைட் நுழைந்தாலே அத்தனை எல்லைகளும் நகர்ந்துவிடும். உள்ளடக்கத்தைப் பார்த்து எல்லை போடும் முறை வேண்டும். ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி 512 கேஐபி முதல் 8 எம்ஐபி வரை அப்படித்தான் வெட்டுகிறது.

அதை வைத்தே முன்கூட்டி அளந்துவிடலாம். ஒரே ஃபைலின் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளை ஒரு சோதனை ரெஸ்டிக் ரெப்போவில் பேக்கப் எடுத்து, இரண்டாம் முறை எவ்வளவு சேர்ந்தது என்று பாருங்கள். உள்ளே ஜிப் போல அழுத்தப்பட்ட ஃபைல் என்றால் மிச்சமாகும் இடம் பெரிதாக இருக்காது. அந்த எண்ணை இணைத்து எழுதுங்கள்.

நான்காவதில் கவனம் தேவை. பழைய ஃபைல்களைக் களையும் 'எல்எஃப்எஸ் ப்ரூன்' கட்டளை உங்கள் வட்டில் மட்டுமே நீக்கும்; சர்வரில் நீக்குவது சர்வர் மென்பொருளின் வேலை, அதனால் கோரிக்கை அங்கே போக வேண்டும். நீக்குமுன் பட்டியல் காட்டுவதோடு சில நாள் அவகாசமும் கேளுங்கள். புஷ்ஷில் முதலில் ஆப்ஜெக்ட்கள் (ஃபைல்களின் உள்ளடக்கம்) ஏறும், கமிட் பிறகுதான் போகும். இடையில் துப்புரவு ஓடினால் புதிய ஃபைலே எந்த கமிட்டும் சுட்டாத அனாதையாகத் தெரியும். அதுவரை அவசரப்பட்டு பக்கெட்டில் '90 நாள் ஆனதை நீக்கு' என்று விதி போட்டுவிடாதீர்கள். மாறாமல் இருக்கும் லோகோதான் அங்கே மிகப் பழைய ஆப்ஜெக்ட், முதலில் போவதும் அதுவே.

பட்டியலில் விட்டுப்போனது ஒன்று: இயல்பான பரிமாற்றம் முழு ஃபைலையும் ஒரே புட் (பதிவேற்றும்) கோரிக்கையில் அனுப்புகிறது. அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-இல் அதற்கு 5 ஜிபி உச்சவரம்பு. பாதியில் அறுந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். மல்டிபார்ட் பதிவேற்றத்தையும் (பகுதி பகுதியாக ஏற்றுவது) சேருங்கள். வெளியிலிருந்து பரிமாற்ற நிரலைச் செருக எல்எஃப்எஸ்-இல் இடம் இருக்கிறது, எனவே மூல நிரலைத் தொடாமலே இதைச் செய்யலாம் என்றும் குறிப்பிடுங்கள்.